இரட்டைச் சுழிக் குதிரை

திருமலையாண்டிக்கு அறுபது வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தெட்டு. குரு சீடரை "அண்ணே" என்பார், சீடர் குருவை "பாவா" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

பாவாவின் பெயர் மஸ்தான் ராவுத்தர். கப்பலிலும் கால்நடையாகவும் தேசம் தேசமாகப் போய்க் குதிரை வாங்கி விற்றவர். ஒருநாள் வியாபாரத்தைக் கைகழுவிவிட்டு, மலையடிவாரத்தில் ஒரு சுனைக்கரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

திருமலையாண்டி செங்கனூர்ப் பாளையத்தின் குதிரை லாயத்துக்குத் தலைவர். மயிர்ச் சுழி பார்த்துக் குதிரையின் ராசி சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பெருமையும் அவருக்குக் கொஞ்சம் உண்டு. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை சுனைக்கரைக்கு வந்து ஒரு கேள்வி கேட்பார், பதிலை வாங்கிக்கொண்டு திரும்புவார். கடந்த ஒன்பது வருடங்களாக அவர் வரவில்லை.

அன்று காலையில் வந்தார். கூடவே ஒரு பெட்டைக் குதிரையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். மலைக்காட்டு மட்டக்குதிரை. கழுதையைவிட நாலு விரல் உயரம் இருந்தால் அதிகம். முதுகில் பொதி சுமந்த தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"ரெண்டு நாள் நடையா?" என்றார் பாவா.

"ஆமா பாவா."

"ஏறி வந்திருக்கலாமே."

"மனசு வரல."

பாவா குதிரைக்குத் தண்ணீர் காட்டினார்.

"கேளுங்க அண்ணே."

"இந்தச் சாதியில ஒரு ஆண் குதிரை வேணும். நீங்க சுத்தாத தேசம் இல்ல. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நடந்தே போய்க் கூட்டியாறேன்."

பாவா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "அரபு நாட்டுல பார்த்திருக்கேன், கூடாரத்துக்குள்ள பிள்ளைங்களோட படுத்துத் தூங்குற குதிரை. காதியவார்ல ஒண்ணு உண்டு, ரெண்டு காது நுனியும் ஒண்ணையொண்ணு தொடும். பனி தேசத்துப் புல்வெளியில பிடரி நட்டமா நிக்குற காட்டுக் குதிரை உண்டு. அது பக்கத்துல எவனும் போக முடியாது. கச்சு உப்புப் பாலையில காட்டுக் கழுதை இருக்கு. சேணத்தைக் கண்டாலே காத்தாப் பறந்துரும். எல்லாம் ஒரே வம்சம்தான். ஆனா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல."

"இது மாதிரி?"

"இது இந்த மலையில மட்டும்தான் இருந்துச்சு."

திருமலையாண்டி தலை குனிந்தார்.

"மலை மேல நூறு இருந்திருக்குமே அண்ணே. ஆண் குதிரையெல்லாம் என்ன ஆச்சு?"

"காயடிச்சாச்சு."

"எல்லாத்துக்குமா?"

"குட்டியக்கூட விடல."

"பெட்டைங்க?"

"உப்பளத்துக்குப் பொதி சுமக்க அனுப்பிட்டோம். மூணு வருசமா ஒவ்வொரு உப்பளமாத் தேடுறேன். இது ஒண்ணுதான் உசுரோட கெடச்சுது."

"யார் உத்தரவு?"

"பாளையக்காரர் உத்தரவு."

"அவருக்கு யார் சொன்னா?"

திருமலையாண்டி மென்று முழுங்கினார். "நான்தான்."

ஒன்பது வருடங்களுக்கு முன் பாளையக்காரரின் மகன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மலைப்பாதையில் இப்படி ஒரு மட்டக்குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான். ஒரே மகன். அரண்மனையே அழுது புரண்டது. காரணம் என்னவென்று லாயத் தலைவரிடம்தான் கேட்டார்கள். குதிரையின் நெற்றியில் இரட்டைச் சுழி, ஏறியவன் குடி விளங்காது என்று அவர் ஓலையில் எழுதிக் கொடுத்தார். மலைக்குதிரைகள் அத்தனைக்கும் நெற்றியில் இரட்டைச் சுழிதான். ஒரு கோடைக்குள் மலை காலியாகிவிட்டது.

"இதுக்குச் சுழி பார்த்துச் சொல்லுங்க" என்றார் பாவா.

"வேணாம் பாவா."

"சொல்லுங்க."

திருமலையாண்டி குதிரையின் நெற்றி மயிரை ஒதுக்கினார். "இரட்டைச் சுழி. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ."

"இதோட ஆத்தாளுக்கு?"

"இதேதான்."

"அதோட ஆத்தாளுக்கு?"

"இதேதான் இருந்திருக்கும்."

"கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேசத்துல குதிரைக்கு உடம்பு பூரா கறுப்பும் வெள்ளையுமா வரி. மூக்கு நுனியிலேருந்து வால் வரைக்கும். அதுக்கு உங்க சாத்திரத்துல என்ன பலன்?"

"அது எங்க சாத்திரத்துல இல்ல."

"இது மட்டும் இருக்கா? அதை எழுதினவர் இந்த மலை ஏறிப் பார்த்தாரா?"

திருமலையாண்டி சட்டென்று தரையில் உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"சுழியில குத்தமில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் பாவா."

பாவா அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சேணத்து வார் அறுந்துதான் புள்ள விழுந்தான். வார் இத்துப் போயிருந்ததை முந்தின நாளே பார்த்தேன். நாளைக்கு மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். கேட்டப்போ தலை போயிரும்னு பயம். பழியைத் தூக்கிக் குதிரை மேல போட்டேன். அது எதுத்துப் பேசாதுல்ல."

பாவா ஒரு வார்த்தையாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம் என்று இந்தக் கதையைச் சொல்லும் எனக்குத் தோன்றும். அவர் சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு கை புல் பிடுங்கிக் குதிரைக்குக் கொடுத்தார். அழுதுகொண்டிருந்த கிழவர் அழட்டும் என்று விட்டுவிட்டார்.

வெயில் ஏறியது. திருமலையாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதே சாதி கெடைக்கலன்னாலும் பரவாயில்ல பாவா. வேற ஒரு நல்ல குதிரையோட சேர்த்தா? பாதி ரத்தமாவது தங்கும்ல? ஒரு குட்டி போதும். அதை நான் மலையில கொண்டு விட்டுருவேன்."

"பல்லைப் பார்த்தீங்களா?"

திருமலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். குதிரை என்று ஒன்று கண்ணில் பட்டாலே முதலில் பல்லைப் பார்க்கிறவர் அவர். நாற்பது வருடப் பழக்கம். இந்தக் குதிரை கிடைத்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் அதன் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

"பாருங்க அண்ணே."

எழுந்து போய் உதட்டை மெல்ல விலக்கினார். பற்கள் நீண்டு முன்பக்கம் சாய்ந்திருந்தன. பல்லின் குழிகள் தேய்ந்து மழமழவென்றிருந்தன. கீழ்வரிசையில் இரண்டைக் காணோம்.

"எவ்வளவு இருக்கும்?" என்றார் பாவா.

"இருபத்தஞ்சு... மேலயே இருக்கும்."

"குட்டி?"

திருமலையாண்டி உதட்டை விட்டார். கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"இனி இல்ல" என்றார்.

அதைச் சொன்னது அவருடைய சொந்தக் குரல்தான். ஆனால் வேறு யாரோ சொல்லிக் கேட்டவர்போல நின்றார். நூறு குதிரைகளின் கதை அந்த இரண்டு சொல்லில் முடிந்தது.

"சரி, லாயத்துக்கே கூட்டிட்டுப் போறேன். கொள்ளு வேகவச்சுக் குடுத்து, கடைசி வரைக்கும் குறையில்லாமப் பார்த்துக்கிறேன். அதுவாவது செய்யலாம்ல?"

"கூப்பிட்டுப் பாருங்க, வருதான்னு."

கயிற்றை இழுத்தார். குதிரை நகரவில்லை. அது மலையைப் பார்த்து நின்றது. காதுகள் முன்பக்கம் விறைத்து நிமிர்ந்தன. பிறகு தலையைத் தூக்கி ஒரு தரம் கனைத்தது. அந்தச் சின்ன உடம்புக்கு அது பெரிய சத்தம். பாறையில் மோதி மேலே மேலே போயிற்று.

திருமலையாண்டி புல்லை நீட்டினார். குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலை அசைக்காமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடியும் கனைத்தது. மறுபடியும் அப்படியே அசையாமல் நின்றது.

"பசியில்ல, தாகமில்ல. எதுக்கு பாவா இப்படி? ஒருதரம் கத்துது, அப்புறம் ரொம்ப நேரம் சும்மா நிக்குது. ஏன் நடுவுல நிறுத்துது?"

பாவா கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி, குதிரையின் கழுத்திலிருந்து அவிழ்த்தார்.

"பதில் வர்றதுக்கு எடம் விடுது, அண்ணே."