இருவாச்சி தன் வாசலை அடைத்தது

பறவையின் பேச்சு மனிதருக்கும் மனிதரின் பேச்சு பறவைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், மேற்கு மலையின் பெருங்காட்டுக்குக் கதவு இல்லை, காவலும் இல்லை. சமவெளி மக்கள் ஆண்டு முழுவதும் அங்கே வந்து போனார்கள். பங்குனி வெயில் தாங்காமல் ஓடையில் கிடக்க வந்தார்கள். ஆடிச் சாரலில் அருவியைப் பார்க்க வந்தார்கள். ஐப்பசி மழையில் அட்டைக்கடிக்கு உப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தபடி நடந்தார்கள். மார்கழியில் புல்மேட்டின் உறைபனியைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே இரண்டு நாள் மலையேறி வந்தவர்களும் உண்டு. விறகுக்கோ தேனுக்கோ அல்ல. சும்மா இருந்துவிட்டுப் போவதற்காக வந்தார்கள்.

அவர்களுக்கு வழி காட்டியது பெரிய அலகுள்ள ஒரு பெண் இருவாச்சிப் பறவை. அவள் பறந்தால் ஆள் உயர முறத்தால் யாரோ நெல் புடைப்பதுபோல் சத்தம் கேட்கும். மர உச்சியில் அவள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சிறகோசையைப் பிடித்துக்கொண்டே கீழே நடந்து போய்விடலாம். "அக்கா, அருவிக்குக் கூட்டிட்டுப் போ!" என்று யாராவது குரல் கொடுத்தால் போதும். கொத்திக்கொண்டிருந்த அத்திப்பழத்தை அப்படியே விட்டுவிட்டுப் பறப்பாள். விருந்தாளிகள் என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை.

அவளுக்கு மிகவும் பிடித்தவள் மருதாயி. சமவெளியில் பருத்தி விளைவிக்கும் ஊரிலிருந்து பருவம் தவறாமல் வருகிறவள். அந்த ஆண்டு பங்குனியில் அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு வந்தாள். கூடவே நாத்தனார்கள், கொழுந்தன்மார் என்று ஒரு கூட்டம்.

அதே பங்குனியில் இருவாச்சியின் கூட்டிலும் குஞ்சு பொரிந்திருந்தது. உயர்ந்த வெடிப்பலா மரத்தின் பொந்துதான் கூடு. அந்தக் காலத்தில் இருவாச்சிகளின் பொந்துக்கு மறைப்பு எதுவும் கிடையாது. காற்றும் வெளிச்சமும் தாராளமாக உள்ளே போகும். ஆணும் பெண்ணும் மாறி மாறி வெளியே போய் இரை கொண்டுவருவார்கள்.

"குஞ்சுக்கு இன்னும் இறகுகூட முளைக்கலை. இந்த ஒரு தடவை நீ போகாதே," என்றது ஆண் இருவாச்சி.

"அவ்வளவு தூரம் நடந்து வந்தவங்களை வான்னு சொல்லாம இருக்க முடியுமா? இதோ வந்துடறேன்," என்று அவள் கிளம்பினாள்.

மருதாயி தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். இருவாச்சி தாழ்ந்த கிளையில் இறங்கி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"என் பிள்ளையைப் பார்த்துட்டே. உன் பிள்ளையை எனக்குக் காட்ட மாட்டியா அக்கா?" என்று மருதாயி கேட்டாள்.

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இருவாச்சிக்கும் காட்ட ஆசைதான்.

கொழுந்தன்மார் காட்டுக்கொடிகளை முறுக்கி, முடிச்சு போட்டு, ஏணி கட்டி, பொந்துக்கு மேலே இருந்த கிளையில் வீசி மாட்டித் தொங்கவிட்டார்கள். முதலில் மருதாயி ஏறினாள். பொந்துக்குள் பூவிதழ்போல் மெல்லிய தோலோடு ஒரு சின்ன உயிர், கண்ணைத் திறக்காமலே அவளைப் பார்த்து வாயைத் திறந்தது. அவளுக்கு மார்பு கசிந்தது. அவள் இறங்கியதும் நாத்தனார்கள் ஏறினார்கள். பிறகு மற்றவர்கள். ஒவ்வொருவரும் எதையாவது ஊட்டப் பார்த்தார்கள். அதிரசத் துணுக்குகளும் வெல்லம் கலந்த அவலும் பொந்தின் விளிம்பெல்லாம் சிந்தின. ஆண் இருவாச்சி பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் வந்து பார்ப்போம், ஏணி இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

மறுநாள் காலை கூட்டத்தினர் புல்மேட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பெண் இருவாச்சி அவர்களுக்கு முன்னால் பறந்தாள். ஆண் அத்திப்பழம் தேடிப் பக்கத்துச் சரிவுக்குப் போயிருந்தது. உச்சி வெயிலில் அவள் திரும்பி வந்தபோது பொந்து காலியாக இருந்தது.

கொடியேணியின் அடியில் மரநாய் ஒன்று படுத்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. இருவாச்சி அலறிக்கொண்டு அதன்மேல் பாய்ந்தாள். மரநாய் வேருக்கடியில் ஒடுங்கிக்கொண்டு சொன்னது: "என்னை அடிச்சு என்ன செய்யப் போறே? இந்த மரம் வழுவழுன்னு இருக்கும். எத்தனையோ தடவை ஏறப் பார்த்து வழுக்கி விழுந்திருக்கேன். இன்னிக்கு வெல்ல வாசனை வந்துது, ஏணியும் இருந்துது. எனக்கும் குட்டிங்க இருக்கு."

அவள் அதை விட்டுவிட்டு, காலியான பொந்தின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள்.

சேதி காடெங்கும் பரவியது. அன்று மாலையே விலங்குகள் வெடிப்பலா மரத்தடியில் கூடின. பெரிய யானை, "மலைப்பாதையில நாலு மரத்தைச் சாய்ச்சுப் போட்டா ஒருத்தரும் ஏறி வர முடியாது. சொல்லு, இப்பவே போறேன்," என்றது. ஆண் இருவாச்சி, "சாய்ச்சுப் போடு," என்றது. குஞ்சு போனபின் அது பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்த நேரத்தில் மருதாயி வந்தாள். உறவினர்களைத் தொலைவில் நிறுத்திவிட்டுக் குழந்தையோடு அவள் மட்டும் வந்திருந்தாள். யானையைப் பார்த்தும் நிற்கவில்லை. நேராக மரத்துக்குப் போய், கொடியேணியைப் பிடித்து இழுத்து அறுத்தாள். கை கிழிந்து ரத்தம் வந்தது. எல்லாக் கொடிகளும் கீழே விழுந்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, எங்க வீட்டுல பிள்ளை பிறந்தா வாசல்ல வேப்பிலை செருகுவோம். அதைப் பார்த்தா கூடப் பொறந்த அண்ணனா இருந்தாலும் உள்ளே வர மாட்டான். பச்சை உடம்பு, பச்சைப் பிள்ளைன்னு வெளியிலயே நின்னு கேட்டுட்டுப் போயிடுவான். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் வாசல்ல இலை இல்லைன்னு ஏறிட்டேன்."

பிறகு யானை, "என்னம்மா, பாதையை அடைச்சிடவா?" என்று பெண் இருவாச்சியைக் கேட்டது.

"வேண்டாம்," என்றாள் அவள். "இவங்க மலையேறி வரும்போது முகம் எப்படி இருக்கும்னு நான் மேலே இருந்து பார்த்திருக்கேன். திரும்பிப் போகும்போது எப்படி இருக்கும்னும் பார்த்திருக்கேன். வீட்டுல பெரிய துக்கம் நடந்து, இங்க வந்து ஓடையில காலை நனைச்ச பிறகுதான் வாய்விட்டு அழுதவங்க இருக்காங்க. காடு திறந்தே இருக்கட்டும். அடைக்க வேண்டியது என் வாசலைத்தான்."

அடுத்த ஆண்டு, முட்டையிடும் நாள் நெருங்கியதும் அவள் பொந்துக்குள் போய் உட்கார்ந்தாள். ஆண் ஓடைக்கரையிலிருந்து ஈரமண் கொண்டுவந்து கொடுத்தது. அவள் அதோடு தன் எச்சத்தையும் அத்திப்பழச் சக்கையையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே அலகால் பூசிப் பூசி வாசலை மூடினாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டாள். சுவர் காய்ந்து கல்போல் இறுகியது. ஆண் பழங்களைக் கொண்டுவந்து கீறல் வழியே ஊட்டியது.

சுவர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பங்குனி பிறந்ததும் கீழே குரல்கள் கேட்டன. "அக்கா! எங்கே இருக்கே? ஓடைக்குப் போகலாம் வா!" மருதாயி அல்ல, சேதி தெரியாத வேறு ஊர்க்காரர்கள். குரல் கேட்டதும் அவள் சிறகுகள் தாமாக விரிந்தன. முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் ஒரு கணம் மறந்துபோனது. அலகு சுவரை இரண்டு முறை கொத்திவிட்டது. மண் பொடி உதிர்ந்து முட்டையின்மேல் விழுந்தபோதுதான் அவளுக்கு உணர்வு வந்தது.

மரநாய் வெளியே இருந்து வருவது. அதற்குச் சுவர் போதும். தனக்குள்ளிருந்து வரும் ஆசைக்கு எந்தச் சுவர் போதும் என்று அவள் யோசித்தாள்.

பிறகு தலையைத் திருப்பி, இடது சிறகின் நீண்ட இறகை அலகால் பற்றி இழுத்தாள். வலித்தது. அடுத்ததை இழுத்தாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீறல் வழியே வெளியே தள்ளினாள். கருப்பும் வெள்ளையுமாக இறகுகள் சுழன்று சுழன்று கீழே இறங்கின.

பழத்தோடு வந்த ஆண் பதறிப்போனது. "என்ன காரியம் செஞ்சே!"

"சிறகு இருக்கற வரைக்கும் மனசு வெளியிலதாங்க இருக்கு. இனிமே இருக்காது."

"எனக்கு ஏதாவது ஆயிட்டா? நான் வராம போயிட்டா?"

"நானும் இல்லை, பிள்ளையும் இல்லை. தெரிஞ்சுதான் செஞ்சேன். இனி உங்க சிறகுதான் எனக்கும்."

ஆண் பழத்தைக் கீறலில் வைத்தது. அன்று முதல் அது பறக்கும் விதமே மாறிப்போனது. கூட்டுக்கு நேராக வராது. மூன்று மரம் தள்ளி உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்து, கீழே ஆள் இருந்தால் அவர்கள் போகும்வரை வாயில் பழத்தோடு அசையாமல் காத்திருக்கும்.

சில நாட்களில் மருதாயி வந்தாள். மரத்தடியில் நீண்ட இறகுகள் சிதறிக் கிடந்தன. மேலே பார்த்தாள், அடைத்த வாசலும் அதில் ஒரு கீறலும் தெரிந்தன. அவளுக்கு எல்லாம் விளங்கியது. பின்னால் வந்தவர்களைக் கையசைத்து நிறுத்தி, வாயில் விரல் வைத்து, வேறு சரிவு வழியாக ஓடைக்கு அழைத்துப்போனாள். வழிகாட்டி இல்லாததால் பலமுறை தடுமாறினார்கள். இருந்தாலும் ஓடை கிடைத்தது.

குஞ்சு வளர்ந்தது. தாய்க்கும் புது இறகுகள் முளைத்தன. பொந்தில் இருவருக்கும் இடம் போதாமல் ஆனபோது அவள் சுவரை உடைத்து வெளியே வந்தாள். கிளையில் நின்று சிறகை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். உள்ளே குஞ்சு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, உடைந்த வாசலைத் தன் சின்ன அலகால் மறுபடி பூசிக்கொண்டிருந்தது.

காடு இன்றும் எல்லாப் பருவத்திலும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் இருவாச்சித் தாய் வாசலை அடைத்து, தன் இறகுகளை உதிர்த்துவிட்டு இருட்டில் அடைகாப்பதும், ஆண் பறவை தனியாகப் பழம் சுமந்து வந்து மனிதரைக் கண்டால் மௌனமாய்க் காத்திருப்பதும் அந்தப் பங்குனியிலிருந்துதான்.