இட்லியில ஏறாத காரீயம்

நயினார் மொதலாளி தொண்டையக் கனைச்சார்னா தெருவே நின்னு கேக்கணும். பழைய பேட்டரிய உருக்கிக் காரீயம் எடுக்குற பட்டறை அவருது.

"க்கும்! துணியெல்லாம் படியுத கறுப்புத் தூசி இந்த இட்லிக்காரி அடுப்புலேருந்துதான் வருது. கடைய மூடுங்க."

இட்லிக்காரி பேரு செல்லக்கனி. அந்த அடுப்பை நம்பித்தான் அவ வீட்டுலயே அடுப்பு எரியுது.

தூசிய எடுத்துட்டுப் போய்ச் சோதிச்ச மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசரம்மா திரும்பி வந்தாங்க. "வெறகுப் புகைன்னா பொட்டாசியம் நெறைய இருக்கும். இதுல இருக்கது காரீயம். பிள்ளைங்களுக்கு ஆகவே ஆகாது."

மொதலாளி அசரல. "க்கும்! பெயிண்டடிச்ச பழைய கதவ ஒடைச்சு எரிக்கா. அந்தப் பெயிண்டுல இருக்க காரீயம்தான் இது."

செல்லக்கனி இட்லிச் சட்டியத் தொறந்தா. சூடா ஒரு பொட்டலத்த எடுத்து நீட்டுனா.

"அப்படியே இருக்கட்டும் மொதலாளி. ஒங்க பேத்திக்குத் தெனமும் வாங்குத இட்லி இது. என் அடுப்புலேருந்து தெருவெல்லாம் பறக்குத காரீயம், அடுப்புமேல வேகுத இட்லியில ஏறாமலா இருக்கும்? இன்னைக்குக் கொடுக்கவா, வேண்டாமா?"

"கொண்டா இங்க, பிள்ளை பசியில இருக்கா. நீ எரிக்கது வெறும் கருவேல வெறகுன்னு எனக்குத் தெரியாதா?"

சொன்னப்பறம்தான் தான் என்ன சொன்னோம்னு அவருக்கே புரிஞ்சுது. ஆபீசரம்மா பேனாவத் தொறந்தாங்க. தெருவே சிரிச்சுது.

செல்லக்கனி சிரிக்கல. பொட்டலத்த அவர் கையில வச்சு, மெதுவாச் சொன்னா: "இட்லியில ஒண்ணுமில்ல மொதலாளி, தைரியமாக் கொடுங்க. காத்துலதான் இருக்கு. பிள்ளைய மட்டும் மொட்டை மாடியில வெளையாட விடாதீங்க."

மொதலாளி நிமிந்து தன் வீட்டு மொட்டை மாடியப் பாத்தார். அப்பறம் பட்டறைப் பக்கம் திரும்பி, "உலைய அமத்துங்கடே"ன்னார்.