குடையை எங்கே வைப்பது

"மூணு வீடு முடிச்சுட்டேன் மேடம். ஒரு வீட்டுல கூட நீங்க உட்காரல."

எட்வின் இதைப் போனில்தான் சொன்னான். நேரில் சொல்லத் தைரியம் கிடையாது.

"நாலாவது வீடு எப்ப முடியுதுங்கண்ணா?" என்றாள் வான்மதி.

"வெள்ளிக்கிழமை."

"வர்றேன்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

சீடன் எட்வினுக்கு வயது நாற்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்துமூன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தெரியாதவன்தானே கேட்க வேண்டும்?

கோவையில் வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்கிற ஆபீஸ் வான்மதியுடையது. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும், சாவி சொந்தக்காரர் கைக்குப் போகும் முன், அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வருவாள். நன்றாக இருக்கிறது, இல்லை என்று வாயைத் திறக்க மாட்டாள். உட்கார்ந்தால் வீடு முடிந்தது. உட்காராமல் கிளம்பினால் முடியவில்லை.

என்ன குறை என்று கேட்டால், "வீட்டைக் கேளுங்கண்ணா" என்பாள்.

வீடு எப்படிப் பேசும்? எட்வினுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

மூன்று வீட்டையும் கடைசியில் அவளே வந்து முடித்துக் கொடுத்தாள். ஷார்ஜாவில் ஒரு பர்னிச்சர் ஷோரூமில் வேலை இருக்கிறது, சனிக்கிழமைக்குள் பதில் சொல் என்று பழைய நண்பன் கூப்பிட்டிருந்தான். இந்த வீட்டிலும் அவள் உட்காரவில்லை என்றால் போய்விடுவது என்று எட்வின் முடிவு செய்திருந்தான். மனைவியையும் மகளையும் நாகர்கோவிலில் விட்டுவிட்டு, ஐம்பது வயதில், மறுபடியும் சேல்ஸ்மேன்.

வீடு கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து நடுவில் இருந்தது. பழைய பங்களா. பம்ப்செட் கம்பெனி நாச்சிமுத்து அதை வாங்கியிருந்தார். சுவிட்சர்லாந்துக்கு டூர் போய் வந்தவர்.

"ஆல்ப்ஸ் மலையில ஒரு லீவு வீடு பார்த்தேனுங்க. அப்படியே வேணும்" என்று ஒரு பத்திரிகையைக் கொடுத்தார்.

எட்வின் எட்டு மாதம் அந்தப் பத்திரிகையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தான்.

ஓக் மரத் தரை. வெள்ளைக் கம்பளி விரிப்பு. பள்ளத்தாக்கைப் பார்த்த முழுக் கண்ணாடிச் சுவர். குளிர்காய விறகு எரிக்கக் கல்லில் கட்டிய கணப்பு. கூடத்தின் நடுவே, டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்த பீங்கான் ஜாடி, இடுப்பு உயரத்துக்கு. அதற்குள் எதுவும் இல்லை. எதுவும் போடவும் கூடாது.

வாசலை ஒட்டி முன்பு ஒரு இடுக்கு இருந்தது. வரிசையாக ஆணி அடித்த பலகை. கீழே தண்ணீர் போக ஒரு கல் தொட்டி. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் போஜன் மட்டும், "அது இருக்கட்டுமே சார்" என்றான்.

"இந்த அசிங்கமா?" என்றான் எட்வின். "இடிச்சுத் தள்ளு. பலகையை அடுப்புல போட்டு எரி."

இடித்தார்கள். கூடம் அகலமானது. அச்சு அசல் பத்திரிகைப் படம்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது.

வான்மதி குடையோடு வாசலில் வந்து நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"வாங்க மேடம், வாங்க. குடையைக் கொடுங்க."

கொடுத்தாள்.

எட்வின் அதை வெளியே படியில் சாய்த்து வைத்தான். காற்று அதைத் தூக்கித் தேயிலைச் செடிக்குள் எறிந்தது. போஜன் ஓடிப்போய் எடுத்து வந்து, மறுபடி எட்வின் கையிலேயே கொடுத்தான்.

"இந்தாங்க சார்."

எட்வின் சுற்றிப் பார்த்தான். ஓக் தரை. வெள்ளை விரிப்பு. வெல்வெட் பெஞ்ச். சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

"மேடம், முதல்ல இந்தக் கண்ணாடியைப் பாருங்க. ஒரே துண்டு. மலையில ஏத்துறதுக்குள்ள உசுரு போச்சு."

"ம்."

"திரை எல்லாம் ரிமோட்."

ரிமோட்டை எடுக்க ஒரு கை வேண்டும். குடையை அக்குளில் இடுக்கினான். சட்டை நனைந்தது. திரை அழகாக விலகியது. வெளியே பனிமூட்டம்.

"சமையலறை?" என்றாள் வான்மதி.

"வாங்க, வாங்க."

குடை முனை சொட்டியது. ஓக் மரத்தில் தண்ணீர் பட்டால் கறை. எட்வின் இடது உள்ளங்கையைக் குடைக்குக் கீழே ஏந்திக்கொண்டான். அப்படியே நடந்தான், பிச்சை வாங்குகிறவன் மாதிரி.

"இது இத்தாலிச் சிங்க். மொத்தமும் ஒரே கறுப்புக் கல்லு."

"குடையை அதுல வைக்கலாமேண்ணா."

"ஐயோ மேடம்! கம்பி துரு பிடிச்சிருக்கு, கறை விழுந்துடும்!"

"பாத்ரூம்ல?"

"எல்லாம் மாடியில. அங்க போறதுன்னா கம்பளி விரிப்பு மேலதான் போகணும்."

"சரிங்கண்ணா."

உள்ளங்கை நிரம்பியது. எங்கே கொட்டுவது? கண்ணாடிச் சுவரில் திறக்கிற ஜன்னல் கிடையாது. எட்வின் வாசலுக்கு ஓடிப்போய் உதறிவிட்டு வந்தான்.

அப்படி நாலு முறை ஓடினான். நடுநடுவே சோபாவின் தோல் எந்த ஊர், விளக்கு எந்த ஊர் என்று சொன்னான். வான்மதி எல்லாவற்றையும் கேட்டாள். ஈரக் காலுறையோடு, விரிப்பில் படாமல், ஓரமாகவே நடந்தாள்.

சோபா பக்கம் வந்ததும் எட்வின் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

"உட்காருங்க மேடம்."

"நனைஞ்சிருக்கேனேண்ணா."

நின்றாள்.

போச்சு, என்று நினைத்தான். ஷார்ஜாதான்.

"அந்தப் பத்திரிகை இருக்குங்களா?" என்றாள்.

ஈரக் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"இதுல ஆளே இல்லீங்களே அண்ணா."

"வீட்டைத்தானே படம் எடுத்திருக்காங்க? ஆள் எதுக்கு மேடம்?"

"அதுவும் சரிதான்."

மூடித் திருப்பிக் கொடுத்தாள். எட்வினால் வாங்க முடியவில்லை. ஒரு கையில் குடை. இன்னொரு கையில் தண்ணீர்.

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

முக்கால் மணி நேரமாக அந்தக் குடை அவன் கையில்தான் இருக்கிறது.

வெளியே கார் ஹாரன் அடித்தது. நாலு மணிக்கு வர வேண்டிய நாச்சிமுத்து மூணரைக்கே வந்துவிட்டார். கூடவே அவர் மனைவி. ஆளுக்கொரு குடை. இரண்டு பேரும் வாசல் வரைக்கும் வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்க எட்வின்," நாச்சிமுத்து தன் காலைப் பார்த்தார். செம்மண் சேறு. "இப்பிடிப் பளபளன்னு இருக்குது. உள்ள வரலாமுங்களா?"

"நாம வேணா கார்லயே இருக்கலாங்க, மழை விடட்டும்" என்றாள் மனைவி.

சொந்த வீட்டு வாசலில் சொந்தக்காரர் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார்.

எட்வின் திரும்பிக் கூடத்துக்குள் நடந்தான். கையில் இருந்த தண்ணீர் ஓக் தரையில் சிந்தியது. சிந்தட்டும். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டென்மார்க் ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். கனம்! மூச்சுப் பிடித்துக்கொண்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிலைப்படி ஓரமாக வைத்தான். முதலில் வான்மதியின் குடையை அதற்குள் போட்டான். டங்கென்று சத்தம் கேட்டது.

"குடையை இதுல வைங்க சார். அப்புறம் பேசலாம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. அது அவன் வார்த்தை இல்லை.

ஐந்து வருஷம் முன்னால் ஷார்ஜாவில் வேலை பார்த்த கடையை மூடிவிட்டதால் ஊருக்கு வந்திருந்தான். இந்த வயசுல புதுசா என்ன சார் கத்துக்கப் போறீங்க என்று பதினோரு ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டாவது ஆபீஸ் வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து வந்தாள். வயதைக் கேட்கவில்லை. படிப்பைக் கேட்கவில்லை.

"குடையை இதுல வைங்கண்ணா. அப்புறம் பேசலாம்."

காலி பெயிண்ட் டப்பா அது. வேலை அப்புறம்தான் கிடைத்தது. அழுகை அந்த டப்பாவைப் பார்த்ததுமே வந்துவிட்டது.

நாச்சிமுத்து குடையை ஜாடிக்குள் இறக்கினார். மனைவியும் இறக்கினாள். சேற்றுச் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பேரும் பெருமூச்சோடு உள்ளே வந்தார்கள்.

"அப்பாடா. குளுருக்குக் கணப்பு நல்லாருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

எட்வினுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தான்.

வான்மதி உட்கார்ந்திருந்தாள்.

சோபாவில் இல்லை. கணப்புக்கு முன்னால், வெறுந்தரையில், காலை நீட்டிக்கொண்டு. ஈரக் காலுறைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

"மேடம்..." என்றான். கைகூப்பினான். ஈரக் கை.

அவள் காலுறைகளைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணா, இதை எங்க காயப் போடுறது?"

எட்வின் புதுப் பூச்சு மின்னும் சுவரைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

"போஜா! நாலு ஆணி கொண்டா!"

போஜன் பின்வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஆணி எதுக்குங்க சார்? பலகையே இருக்குது. நான் எரிக்கல."