ஓடக்காரியின் எலுமிச்சை மரம்

கேளுங்கள். ஆறுகளுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலத்தில் தோணிமங்கலம் என்றொரு பட்டணம் இருந்தது. அதை ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். ஆனால் யாராவது எதிரே வந்து நின்று சொன்னால்தான் அவருக்கு எதுவும் தெரியும். ராஜாக்கள் பலரும் அப்படித்தான்.

அந்த ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைப் பௌர்ணமியன்று சபை கூடும். யார் எதைக் கேட்டாலும் ராஜா மூன்று முறை, "மறுப்பவர் உண்டா?" என்பார். மூன்று முறையும் பதில் வரவில்லையென்றால், கேட்டது கேட்டவருக்கு.

ஆனால் சபையில் வாயைத் திறக்க ஒரு விதி இருந்தது. பெரியவர்களைப் பார்க்கப் போனால் எலுமிச்சம்பழம் கொண்டு போகிறோம் இல்லையா? அங்கே சொந்த மரத்து எலுமிச்சம்பழத்தை ராஜாவின் கையில் கொடுத்த பிறகுதான் பேச வேண்டும். மரம் இல்லாதவருக்குப் பழம் இல்லை. பழம் இல்லாதவருக்குப் பேச்சு இல்லை. விதியை வாசல் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். கல்லில் பாசி படர்ந்து பல காலம் ஆயிற்று. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், படித்தவர்தான் யாருமில்லை.

ஆற்றுத் துறையில் இருபத்திரண்டு ஓடங்கள் இருந்தன. இருபத்திரண்டு குடும்பங்கள் அந்த ஓடங்களிலேயே சமைத்து, அவற்றிலேயே உறங்கி, ஊராரை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்கு ஒரு முழ மண்கூடக் கிடையாது. மண்ணே இல்லாதபோது மரத்துக்கு எங்கே போவார்கள்?

கரையில் சோலையப்பர் என்று ஒரு தோப்புக்காரர். ஆயிரம் எலுமிச்சை மரம் வைத்திருந்தார். அவர் ஒரு சித்திரையில் சபைக்குப் போய், கரையில் ஓடங்களைக் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தும் மருத மரங்கள் தமக்கு வேண்டும் என்று கேட்டார். ராஜா மூன்று முறை கேட்டார். ஓடக்காரர்கள் வாசலுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மரங்கள் சோலையப்பருக்குப் போயின.

அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தாள் ஓடக்காரி சிலம்பாயி. வீட்டுக்கு, அதாவது ஓடத்துக்கு, வந்ததும் புருஷன் வெள்ளியனிடம் தான் ஓடத்திலேயே ஒரு எலுமிச்சை மரம் வளர்க்கப் போவதாகச் சொன்னாள். வெள்ளியன் சிரித்த சிரிப்பில் துடுப்பு கை நழுவி ஆற்றில் விழுந்தது.

முதல் ஆண்டு, சந்தையில் இடுப்புயரக் கன்று ஒன்றை வாங்கிப் பெரிய தாழியில் நட்டு, ஓடத்தின் நடுவே வைத்தாள். கன்று மளமளவென்று வளர்ந்தது. ஆனி மாதத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது காற்று வந்து அந்த மரத்தைப் பாய் மாதிரி பிடித்துத் தள்ளியது. ஓடம் சாய்ந்தது. தாழி ஆற்றோடு போனது. மாப்பிள்ளை தண்ணீர் சொட்டச் சொட்டத் தாலி கட்டினான். மரம் சின்னதாக இருக்க வேண்டும் என்று சிலம்பாயிக்கு அன்றைக்குப் புரிந்தது. அடுத்த சித்திரையில் கரையோரப் பாதை சோலையப்பருக்குப் போனது.

இரண்டாம் ஆண்டு, சின்னச் சட்டியில் ஒரு கன்று. வளரக் கூடாது என்று தண்ணீரைக் குறைத்தாள். ஆற்றின் மேலே மிதந்துகொண்டே அந்தக் கன்று தாகத்தில் செத்தது. அன்று அவள் வாய்விட்டு அழுதாள். அடுத்த சித்திரையில் வலை உலர்த்தும் மணல்மேடு சோலையப்பருக்குப் போனது.

மூன்றாம் ஆண்டு, பாவம், பட்டினி போட்டுவிட்டோமே என்று உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். காலையில் அரிசி கழுவிய நீர், மதியம் மீன் கழுவிய நீர், மாலையில் வெறும் நீர். வீட்டுக்கு வந்தவரை விட்டேனா பார் என்று உபசரிப்போமே, அந்த உபசாரம். வேர் அழுகி, ஒரு நாள் கன்று தானாகக் கையோடு வந்துவிட்டது. அடுத்த சித்திரையில் துறையின் படிக்கட்டும் சோலையப்பருக்குப் போனது.

"மரம் நமக்கு வேணாம் புள்ள. விட்டுரு" என்றான் வெள்ளியன். இப்போது அவன் சிரிக்கவில்லை.

சிலம்பாயி ஓடத்தைத் தள்ளினாள். நடு ஆற்றில் இடிந்த கல்மண்டபம் ஒன்று உண்டு. அதன் தூண் வெடிப்பில் ஒரு அரசஞ்செடி. சிறுமியாக இருந்த நாளிலிருந்து அதைத் தினமும் கடந்து போகிறாள். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். அப்போதும் அது ஒரு முழம், இப்போதும் ஒரு முழம். ஆனால் அடி மட்டும் கிழவனின் முழங்கால் போலத் தடித்திருந்தது.

ஓடத்தைக் கட்டிவிட்டு ஏறிப் போய் விரலால் தொட்டுப் பார்த்தாள். கல் வேரை நெருக்கிப் பிடித்திருந்தது. மழைநீர் வந்தது, நிற்காமல் ஓடியது. கிளிகள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. அந்தச் செடியை யாரும் பட்டினி போடவில்லை, யாரும் ஊட்டியும் கெடுக்கவில்லை. இடம் மட்டும்தான் கொஞ்சமாக இருந்தது. அந்த இடத்துக்குத் தக்கபடி அது நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் அக்கரைச் சந்தைக்குப் பதியன் கன்றுகள் கொண்டுபோன ஒருத்தி, நுனி முறிந்த எலுமிச்சைக் கன்று ஒன்றைத் தண்ணீரில் எறியப் போனாள். சிலம்பாயி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உடைந்த பானையின் அடிப்பாகத்தில் ஆணியால் துளை போட்டு, ஆற்றுமணலும் வண்டலும் கலந்து நட்டாள். மேலே ஒரு பிடி வெட்டினால், மண்ணைக் கிளறிக் கீழே வேரிலும் ஒரு பிடி வெட்டினாள். கிளையைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி மெல்ல மெல்ல வளைத்தாள். மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்து ராஜா வடக்கே படையெடுத்துப் போனார். மூன்று ஆண்டு சபை கூடவில்லை. சண்டையால் ஊருக்கு ஒரு நன்மை நடந்தது என்று நான் சொல்லி நீங்கள் கேட்பது இதுதான் முதலும் கடைசியும்.

அவர் திரும்பி வந்த கார்த்திகையில், ஒரு முழம்கூட இல்லாத அந்த மரம் பூத்தது. ஏழு பூ. ஐந்து உதிர்ந்தன. இரண்டு நின்றன, காய்த்தன, பழுத்தன. ஒரு சங்கதி தெரியுமா உங்களுக்கு? மரத்தை எத்தனை சின்னதாக வளர்த்தாலும் பழம் சின்னதாகாது. இலை சுருங்கும், கிளை சுருங்கும், பழம் மட்டும் தன் அளவுக்குத்தான் வரும்.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. இம்முறை சோலையப்பர் துறையையே கேட்டார். துறை போனால் ஓடங்களும் போக வேண்டும். இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் மிதக்க இடமில்லை.

"மறுப்பவர் உண்டா?" என்றார் ராஜா. பதில் இல்லை. "மறுப்பவர் உண்டா?" பதில் இல்லை. "மறுப்பவர் உண்டா?"

"உண்டு ராசா" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

தலையில் மரத்தோடு சிலம்பாயி உள்ளே வந்தாள். ஒரு பழம் மரத்தில் தொங்கியது, கையில் இருந்த இன்னொன்றை ராஜாவிடம் கொடுத்தாள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. இது மரமா, சட்டியில் வைத்த கீரையா என்று கேட்டார் சோலையப்பர். ராஜா அவள் பழத்தை ஒரு கையிலும் சோலையப்பர் கொடுத்த பழத்தை மறு கையிலும் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

மண்ணே இல்லாதவளுக்கு விதிப்படி உரிமை கிடையாது என்றார் சோலையப்பர். அப்படியானால் விதியைப் படித்துவிடலாம் என்று ராஜா வாசல் கல்லின் பாசியைச் சுரண்டச் சொன்னார். அதில் மண்ணைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. 'தான் வளர்த்த மரத்தின் கனியோடு வருபவர் பேசுக' என்று மட்டும் இருந்தது.

சோலையப்பர் அப்போதும் விடவில்லை. இந்த மரத்தை இவள்தான் வளர்த்தாள் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். அவர் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

சிலம்பாயி மரத்தை இறக்கி வைத்தாள். "ராசா, வளர்த்தவங்களுக்கு மட்டும் தெரியிற மாதிரி மூணு கேள்வி கேளுங்க. என்னையும் கேளுங்க, அவரையும் கேளுங்க."

உன் மரம் எத்தனை பூ பூத்தது என்றார் ராஜா. ஏழு பூத்தது, ஐந்து உதிர்ந்தது, இரண்டு இங்கே இருக்கிறது என்றாள். சோலையப்பர், பூ வெள்ளையாக இருக்கும் என்றார்.

அதற்கு என்ன கேடு வந்தது என்றார் ராஜா. இலையில் காக்கை எச்சம் போலவே ஒரு புழு உட்கார்ந்திருக்கும். எச்சம் என்று ஏமாந்து மூன்று நாள் விட்டுவிட்டேன், பாதி இலை போய்விட்டது, பிறகு தினமும் விடியலில் கையால் பொறுக்கினேன் என்றாள். சோலையப்பர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முள் எந்தப் பக்கம் அதிகம் என்றார் ராஜா. சிலம்பாயி இடது கையை நீட்டினாள். கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை கீறல் தழும்பு. ராஜா சோலையப்பரின் கையைப் பார்த்தார். வெண்ணெய் போல இருந்தது.

"அதெல்லாம் என் தோட்டக்காரனைத்தான் கேட்க வேண்டும்" என்றார் சோலையப்பர். சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

சபையில் இருந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் எலுமிச்சம்பழத்தை இடுப்பில் செருகினார்கள், துண்டில் மறைத்தார்கள், இருக்கைக்கு அடியில் மெல்ல உருட்டிவிட்டார்கள். ராஜா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சபையில் இன்றைக்குப் பேசும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது" என்றார் அவர். "பேசு அம்மா."

சிலம்பாயி பேசினாள். மருத மரங்களைக் கேட்டாள், பாதையைக் கேட்டாள், மணல்மேட்டையும் படிக்கட்டையும் துறையையும் கேட்டாள். ராஜா மூன்று முறை, "மறுப்பவர் உண்டா?" என்றார். வாயைத் திறக்க அங்கே யாருக்கும் பழம் இல்லை.

அன்று துறையில் இருபத்திரண்டு ஓடங்களிலும் விளக்கேற்றினார்கள். வெள்ளியன் மரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான், ஏதோ அவனே பெற்றது போல. அடுத்த ஆண்டு ஓடத்துக்கு ஓடம் ஒரு சட்டியும் ஒரு மரமும் இருந்தன. சோலையப்பரின் தோட்டக்காரரும் தாம் வளர்த்த பழத்தோடு சபைக்கு வந்தார். சோலையப்பர் தம் முற்றத்தில் ஒரே ஒரு கன்றை நட்டு, விரலெல்லாம் முள் குத்தி, விடியற்காலையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாராம். அவருக்கும் ஒருநாள் காய்த்திருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, ஒரு மரத்தைத் தன் கையால் வளர்த்தவரே அதற்கு உரியவர், அது ஆயிரம் மரத் தோப்பில் நின்றாலும் சரி, உடைந்த பானையில் நின்றாலும் சரி.