நாற்பத்தேழாம் இஷ்யூ

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தாறு. பாளையங்கோட்டையில் இப்படியும் நடக்கத்தான் செய்கிறது.

குரு பிரம்மசக்தி, தமிழ்ப் புத்தகங்களை வாய்விட்டு வாசிக்கும் ஓர் இலவச மென்பொருளைக் கட்டிக் காப்பவள். சீடர் சங்கரபாண்டியன், நில அளவையாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவளிடம் தொழில் பழக வந்தவர். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், பயன்படுத்துகிறவர்கள் எழுதிப்போட்ட குறைகளெல்லாம் எண்ணோடு வந்து நிற்கும். இஷ்யூ என்பார்கள். இன்னொரு வரி தட்டினால் ஓர் இஷ்யூ மூடிக்கொண்டு பட்டியலிலிருந்து மறையும். இந்த வித்தை கைவந்ததிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை.

"டீச்சர், ஒரு இஷ்யூவ எப்ப மூடலாம்?"

"எழுபத்துநால சரிபண்ணிட்டோம்லா, அத மூடுங்க அண்ணாச்சி. பொறவு சொல்லுதேன்."

முப்பது வருஷம் சர்வே எண்ணை மாற்றி எழுதாத சங்கரபாண்டியன், குஷியில் நாற்பத்தேழு என்று தட்டிவிட்டார்.

மூடிய தகவல் எழுதிப்போட்டவருக்குத் தானாகப் போய், கால் மணி நேரத்தில் பதில் வந்தது. எழுதியவர் ஜெபசீலி, பார்வையற்ற பிள்ளைகள் விடுதி வார்டன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் குரல் நின்றுவிடுகிறது, பொத்தானை அழுத்த அடுப்படியிலிருந்து ஓடிவர வேண்டியிருக்கிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன் நாற்பத்தேழை எழுதிப்போட்டவர்.

"சரியாகிவிட்டதா சார்? நாளைக்கு ஆறு மணிக்குக் கதை போடுகிறேன். இருபத்திரண்டு பேரும் குதிக்கிறார்கள்."

சங்கரபாண்டியன் அப்போதுதான் எண்ணைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பான நம்பர மூடிட்டேன் டீச்சர். இப்ப என்ன செய்ய?"

"தெறக்கதுக்கும் ஒரு வரிதான்."

"அவங்ககிட்ட என்னன்னு சொல்ல?"

"நடந்தத."

இஷ்யூவைத் திறந்தார். தவறுதலாக மூடிவிட்டதையும், எதுவும் இன்னும் சரியாகவில்லை என்பதையும் எழுதினார்.

"பரவாயில்லை சார். கதை நாளைக்கு ஆறு மணிக்கு" என்று மட்டும் பதில் வந்தது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சங்கரபாண்டியன் அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையிலும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தெரியாததையெல்லாம் குருவிடம் கேட்டார், அவள் சொன்னதையும் இரண்டு முறை தப்பாகச் செய்தார். நாலு மணிக்குக் குரல் முதல் பக்கத்தைத் தாண்டி, இரண்டையும் தாண்டி, நிற்காமல் ஓடியது. குரு சோதித்துப் பார்த்துப் புதுப் பதிப்பை வெளியே விட்டாள். சங்கரபாண்டியன் அதை ஜெபசீலிக்கு எழுதிவிட்டு, விரலைச் சொடுக்கினார்.

"இப்ப மூடலாமா டீச்சர்?"

"டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி."

குடித்துவிட்டு வந்தார். மூடவிடவில்லை. இன்னொரு டீயும் ஆயிற்று. ஆறரை மணிக்குத் திரையில் எழுத்து வந்தது.

"முழுக் கதையும் ஓடியது. ஒரு பிள்ளைகூட என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் தோசை கருகாமல் வந்தது."

சங்கரபாண்டியன் மூன்று தரம் வாசித்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. இனி யார் தடுத்தாலும் கேட்பதில்லை என்று, எண்ணை எழுத்துக்கூட்டாத குறையாகச் சரிபார்த்து, பட்டியலை வரவழைத்தார். நாற்பத்தாறு இருந்தது, நாற்பத்தெட்டு இருந்தது.

"டீச்சர், நாப்பத்தேழக் காணோமே. நீங்க மூடிட்டியளா?"

"நான் இல்ல."

"பின்ன யாரு மூடினா?"

பிரம்மசக்தி தன் டீயை எடுத்துக்கொண்டாள்.

"எழுதிப்போட்டவங்க."