பாறைக் கருப்பின் சுருட்டு

"சாமிக்கு என்னைப் பிடிக்கலை, தாயி. அதுக்கு ஒரு வழி சொல்லு."

திண்டுக்கல்லில் சுருட்டுக் கிட்டங்கி வைத்திருந்த செவத்தம்மாள் தலை நிமிர்ந்தாள். பங்குனி வெயிலில் மூச்சிரைக்க நின்றவர் பாறைக் கருப்பு கோயில் பூசாரி வீரணன். வயதில் அவளுக்கு மூத்தவர். ஆனால் சுருட்டு விஷயத்தில் அவள் வாக்குதான் அந்தப் பக்கமெல்லாம் வேதம்.

"உக்காருங்க பூசாரி. பிடிக்கலைன்னு சாமி சொல்லுச்சா?"

"சுருட்டு சொல்லுச்சு."

பாறைக் கருப்புக்கு ஆடிக் கும்பிட்டுத் திருவிழாவில் ஒரே ஒரு சுருட்டு. பங்குனியிலேயே வாங்கிச் சாமி காலடியில் வைத்துவிடுவது வழக்கம். ஆடியில் உச்சிப் பூசையின்போது சாமியாடி அதை வாயில் வைத்துப் பற்ற வைப்பார். ஒழுங்காக எரிந்தால் சாமி குறி சொல்லும். பாதியில் அணைந்தால் பூசாரி கைதான் குற்றவாளி.

"முந்தின வருசம் சடசடன்னு ஓலை மாதிரி எரிஞ்சு சாமியாடி உதட்டைச் சுட்டுருச்சு. போன வருசம் பத்தவே இல்லை. தீப்பெட்டிதான் காலியாச்சு. இந்த வருசமும் கெட்டுப் போனா பூசையை வேற ஆளுக்கு மாத்திருவாங்க. அது போனாப் போகட்டும் தாயி..."

வீரணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி என் கையால வாங்க மாட்டேங்குறாரே."

செவத்தம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"முந்தின வருசம் காலடியில எங்க வச்சீங்க?"

"அணையா விளக்குக்குப் பக்கத்துல. அதைவிட உசந்த இடம் ஏது?"

"போன வருசம்?"

"காஞ்சு போச்சேன்னு நானே சுதாரிச்சுக்கிட்டேன். ஈரத்துணியில சுத்தி, தீர்த்தச் செம்பு மேலயே வச்சேன்."

"சுருட்டு மேல வெள்ளையா எதுவும் பூத்துச்சா?"

வீரணன் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"விபூதி பூத்துச்சு தாயி! ஊரே வரிசையில நின்னு எடுத்துப் பூசிக்கிச்சு!"

செவத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காம சொல்லு. எப்படித்தான் வைக்கணும்?"

"வெத்தலை இருக்கா பூசாரி?"

வீரணனுக்கு எரிச்சல் வந்தது. உயிர் போகிற விஷயம் பேச வந்தால் இவள் வெற்றிலை கேட்கிறாள். ஆனாலும் இடுப்பிலிருந்து வாழைமட்டைச் சுருளை எடுத்துப் பிரித்தார்.

அவள் ஒரு வெற்றிலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல இப்படி இருக்கு! எப்ப வாங்குனது?"

"அது ஆச்சு நாலஞ்சு நாளு."

"அட! எப்படி வச்சிருந்தீங்க?"

வெற்றிலை என்றால் வீரணனை யாராலும் நிறுத்த முடியாது. மளமளவென்று ஆரம்பித்துவிட்டார்.

"உள்ரூம்புல, இருட்டு மூலையில ஒரு பானை. அடியில மணலு. மணலை மட்டுந்தான் நனைப்பேன். இலையில தண்ணி பட்டா அழுகிரும். மணலு காஞ்சா வதங்கிரும். என் வீட்டுக்காரி அடுப்பை அந்தச் செவத்தோரமா போடப் பாத்தா. விடுவேனா? தினமும் தொட்டுப் பாத்துருவேன். வெயிலு ஏறுச்சுன்னா பானை மேல ஈரச்சாக்கு. மழைக்காலம்னா சாக்கை எடுத்துருவேன். பிள்ளை மாதிரி பாக்கணும் தாயி, அப்பத்தான் வாய்க்கு..."

வீரணன் கையிலிருந்த வெற்றிலைச் சுருளைக் குனிந்து பார்த்தார்.

செவத்தம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அவரைப் பார்க்கவே இல்லை.

"அய்யய்யோ," என்றார் வீரணன்.

அவள் ஒரு சுருட்டை எடுத்து அவர் காதருகே விரலால் மெல்ல உருட்டினாள்.

"சத்தம் கேக்குதா?"

"இல்லை."

"கையில ஒட்டுதா பாருங்க."

"ஒட்டலை."

"இப்படியே இருக்கணும். காஞ்சா சலசலங்கும், நனைஞ்சா ஒட்டும். வெத்தலைக்கு விடுற தண்ணியில கால்வாசி போதும். அதுவும் மணலுக்கு."

"ஆனா தாயி, சாமி பொருளை வீட்டுக்குள்ள கொண்டு போனா ஊரு என்னை உரிச்சு எடுத்துருமே!"

"நீங்க ஊருக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

வீரணன் சுருட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஆடி வந்தது. உச்சி வெயிலில் உறுமி அதிர, சாமியாடி தவசிக்கு அருள் இறங்கிவிட்டது. கண்கள் சிவக்க, அரிவாளோடு பாறை மேல் நின்று கையை நீட்டினார்.

"எங்கடா என் சுருட்டு?"

ஊர்த்தலைவர் சாமி காலடியில் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

"வழி விடுங்க! வழி விடுங்க!"

தெருக் கோடியிலிருந்து ஒரு பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வீரணன் ஓடி வந்தார். அவர் வீட்டுப் பக்கமிருந்துதான் வந்தார். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"அடப்பாவி, சாமி பொருளை வீட்டுலயா வச்சிருந்தே!" என்று தலைவர் பாய்ந்தார்.

அதற்குள் தவசி பானைக்குள் கையை விட்டுச் சுருட்டை எடுத்துவிட்டார். வாயில் வைத்தார். ஒரே குச்சி. நுனி சிவந்தது.

உறுமி நின்றது. ஊரே அந்தச் சிவப்பையே பார்த்தது.

புகை நிதானமாக வந்தது. நெருப்பு நிதானமாக இறங்கியது. பாதியைத் தாண்டியது. சாம்பல் உதிராமல் அப்படியே நின்றது. எவளோ ஒருத்தி பொறுக்க மாட்டாமல் குலவை போட்டாள். அவ்வளவுதான், ஊரே குலவை போட்டது. உறுமிக்காரர் தாளம் மறந்து வெறும் சந்தோஷத்தில் அடித்தார். வீரணன் சின்னப் பிள்ளைபோல் விசும்பினார்.

தவசி மேல் இறங்கியிருந்த கருப்பு கையை உயர்த்தியது. ஊர் அடங்கியது.

"பூசாரி, இதை எங்கடா வச்சிருந்தே?"

வீரணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் வீட்டுல சாமி. என் வெத்தலையோட."

கருப்பு கடைசி இழுப்பை இழுத்தது. புகையை அவர் முகத்துக்கு நேராக ஊதியது.

"அப்ப இத்தனை வருசமா என்னை மட்டும் ஏன்டா விருந்தாளியாவே வச்சிருந்தே?"