சாம்பாரைத் திருப்பி அனுப்பியது யார்?

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வருகிறவர்தானே சீடர்.

குருவின் பெயர் ஜெசிந்தா. கரிசல் காட்டில் எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை. சீடர் பூவலிங்கம், பக்கத்து ஒன்றியத்தில் அதே மாதிரிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். அவர் ஊரில் அன்று கோவில் கொடைத் திருவிழா, உள்ளூர் விடுமுறை. அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணி வெயிலில் பைக்கில் வந்து இறங்கினார்.

“டீச்சர், என் ஸ்கூல்ல மொத்தம் ஒன்பது ஸ்டாஃப். அதுல ஆறு பேர் மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரே நாள்ல.”

“என்ன காரணமாம்?”

“குடும்பச் சூழ்நிலையாம். ஆறு குடும்பத்துக்கும் ஒரே நாள்லயா சூழ்நிலை வரும்? வெள்ளிக்கிழமைக்குள்ள வாபஸ் வாங்கலைன்னா ஆறு பேரும் போயிருவாங்க. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு இப்படி ஒரு அவமானம் வந்ததில்ல.”

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க சார்.”

“நான் யாருக்கும் ஒரு கஷ்டம் குடுத்ததில்ல, டீச்சர். டைம்டேபிள் நான் போடுவேன். பீரோ சாவி என்கிட்ட. பெல் அடிக்கக்கூட நான் சொல்லணும். பிள்ளைங்களுக்குப் போடுறதுக்கு முன்னாடி சத்துணவை ருசி பார்க்கிறதும் நான்தான். போன மாசம் மீட்டிங் முடிஞ்சு ஒண்ணே முக்காலுக்குத்தான் ஸ்கூலுக்கு வந்தேன். பிள்ளைங்க தட்டோட உக்காந்திருக்கு. ஒருத்தர் கரண்டியைத் தொடணுமே! எனக்காகக் காத்திருந்தாங்க.”

இதைச் சொல்லும்போது மனிதருக்கு முகமெல்லாம் பெருமை.

“பிள்ளைங்க என்ன செஞ்சாங்க?”

“எப்போ?”

“தட்டோட உக்காந்திருந்தப்போ.”

பூவலிங்கம் யோசித்துப் பார்த்தார். அதை அவர் கவனித்திருக்கவில்லை.

மதிய பெல் அடித்தது. யார் அடித்தார்கள் என்று ஜெசிந்தா எட்டிப் பார்க்கவும் இல்லை. பிள்ளைகள் கை கழுவப் போனார்கள். பூவலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“நீங்க போய் ருசி பார்க்கலையா?”

“இன்னைக்கு என் முறை இல்ல சார்.”

“பின்ன யார் முறை?”

“அவங்களுக்குள்ள பேசி வச்சிருக்காங்க. வாங்க, போய்ப் பார்ப்போம்.”

சமையல் கூடத்து வாசலில் சண்முகக்கனி நின்றிருந்தார். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆன ஆசிரியை. கையில் கரண்டி.

“அக்கா, சாம்பார்ல பருப்பு வேகாம நறுக்கு நறுக்குன்னு கிடக்கு. ஒண்ணாப்புப் பிள்ளைங்களுக்கு வயிறு வலிக்கும். திரும்ப அடுப்புல ஏத்துங்க.”

“நேரமாயிருமே டீச்சர்,” என்றார் சமையல்காரம்மா.

“ஆனா ஆகட்டும். அதுவரைக்கும் முட்டையைக் குடுத்து உக்கார வைப்போம்.”

பூவலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்களை ஒரு வார்த்தை கேட்கலையே!”

“நான் சாப்பிட்டுப் பார்க்கலையே சார்.”

நேரம் பார்த்தா வருவார்கள் அதிகாரிகள்? ஜீப் வந்து நின்றது. ஆய்வுக்கு வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று பத்து. வராந்தா முழுக்கப் பிள்ளைகள். தட்டில் முட்டை மட்டும் இருந்தது.

“ஏன் இன்னும் சோறு போடல? யார் நிறுத்தச் சொன்னது?”

சண்முகக்கனிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஓர் அடி முன்னால் வைத்தார். அதற்குள் ஜெசிந்தா குறுக்கே வந்துவிட்டார்.

“நான்தான் சார். பருப்பு வேகல. திரும்ப அடுப்புல ஏத்தியிருக்கோம்.”

“அதை முன்னாடியே பார்க்க வேண்டாமா? என்ன நிர்வாகம் பண்றீங்க? ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் இப்படியா இருப்பீங்க?”

ஐந்து நிமிடம் நன்றாகத் திட்டு விழுந்தது. பிள்ளைகள், ஆசிரியர்கள், சமையல்காரம்மா எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “சரிங்க சார்” என்பதைத் தவிர ஜெசிந்தா வேறெதுவும் சொல்லவில்லை. அதிகாரி பதிவேட்டில் நாலு வரி எழுதினார். ஜெசிந்தா அதன் கீழே கையெழுத்துப் போட்டார். ஜீப் போனது.

சண்முகக்கனியின் கண் கலங்கியிருந்தது. “டீச்சர், நான் சொன்னதுக்கு நீங்க...”

“பருப்பு வெந்துட்டா கனி?”

“வெந்துட்டு டீச்சர்.”

“அப்போ போடுங்கம்மா. பிள்ளைங்க பசியோட இருக்கு.”

சண்முகக்கனி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றார். திட்டு வாங்கிய முகமா அது? மகள் மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்க்கிற தாயின் முகம்.

“பார்த்தீங்களா சார்? வந்த புதுசுல ஒரு சாக்பீஸ் எடுக்கவும் என்கிட்ட வந்து நிக்கும் இந்தப் பொண்ணு.”

பூவலிங்கம் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு, டீச்சர். அந்த ஆறு பேர்கிட்ட நான் என்னன்னு பேசட்டும்?”

“இப்போ பேசாதீங்க சார். அவங்கள்ல ஒருத்தர் ஸ்கூல் விஷயத்துல தானா எடுத்த முடிவுக்கு எல்லார் முன்னாலயும் நீங்க திட்டு வாங்குங்க. அப்புறம் போய்ப் பேசுங்க.”